பில் போட்ட பிறகு யாருடைய பொருள்?

உடுமலைப்பேட்டையில் வீட்டு உபயோகப் பொருள் கடை வைத்திருக்கிறேன். அப்பா பாத்திரக் கடையாகத் தொடங்கியது. மிக்ஸி, கிரைண்டர், குக்கர், கேஸ் அடுப்பு என்று ஒவ்வொன்றாக வந்து சேர, பித்தளையும் எவர்சில்வரும் பின்கட்டுக்குப் போய்விட்டன. நான் காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கும் சரக்கின் மேல் அதைத் தயாரித்த கம்பெனிக்கு இன்னும் எவ்வளவு உரிமை உண்டு என்ற கேள்வி பல வருஷமாக என்னை விடாமல் இருக்கிறது. இணையத்தில் கண்டவரும் விற்பதைக் கம்பெனிதான் தடுக்க வேண்டும் என்று டீலர்கள் கூட்டம் போட்டுக் கேட்டபோது நானும் அதில் உட்கார்ந்திருந்தேன், கை தூக்கினேன். இன்று தூக்க மாட்டேன்.

எங்கள் தொழிலில் ஒரே பொருளுக்கு மூன்று விலை. பெட்டியில் அச்சடித்திருப்பது எம்ஆர்பி. அதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் குற்றம்; கீழே எவ்வளவு குறைத்து விற்றாலும் சட்டம் கேட்காது. டீலருக்குக் கம்பெனி பில் போடும் விலை டிபி. இந்த இரண்டுக்கும் நடுவில், எந்தப் பெட்டியிலும் எந்தப் பில்லிலும் இல்லாத ஒரு விலை உண்டு. எம்ஓபி என்போம். மார்க்கெட்டில் இந்த விலைக்குத்தான் ஓட வேண்டும் என்று சேல்ஸ் ஆபீசர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் விலை அது. அதைக் குறைத்து விற்றால் யாரும் நோட்டீஸ் அனுப்ப மாட்டார்கள். அடுத்த மாத ஸ்கீம் வராது, வேகமாக ஓடும் மாடல் உங்கள் கடைக்கு மட்டும் ஸ்டாக் இருக்காது. புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

இதை நான் பல வருஷம் நியாயம் என்றே நினைத்தேன். அதற்குக் காரணம் இருந்தது.

கிரைண்டர் பெட்டியைப் பார்த்து வாங்கும் பொருள் இல்லை. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே கொடுத்திருக்கிறார்கள். அந்த ஊரை ஒட்டி இருப்பதாலோ என்னவோ, எங்கள் பக்கத்துப் பெண்கள் கல்லைத் தொட்டுப் பார்க்காமல் வாங்குவதில்லை. ஒருநாள் ஒரு டீச்சரும் அவர் வீட்டுக்காரரும் வந்தார்கள். "அண்ணா, கொஞ்சம் ஓட்டிக் காட்டுங்க" என்றார் டீச்சர். இரண்டு லிட்டர் டேபிள்டாப்பை எடுத்து வைத்து, டிரம்மில் தண்ணீர் ஊற்றிப் போட்டேன். புதுக் கல்லில் முதல் ஓட்டத்தில் சாம்பல் நிறத்தில் கல்தூள் கரையும். தண்ணீர் தெளியும்வரை மாற்றி மாற்றி ஊற்றி ஓட்ட வேண்டும், அதற்குப் பிறகுதான் அரிசி போடலாம் என்று சொல்லிக்கொடுத்தேன். கல் ஒரு பக்கம் சாய்ந்து உருண்டால் என்ன சத்தம் வரும், பெல்ட் தளர்ந்தால் என்ன சத்தம் வரும் என்று இன்னொரு பெட்டியையும் பிரித்து ஓட்டினேன். அவர் வீட்டுக்காரர் அடியில் ஒட்டியிருந்த மாடல் ஸ்டிக்கரைப் படம் எடுத்துக்கொண்டார். "யோசிச்சுட்டு வர்றோங்க" என்று போனார்கள்.

டீச்சர் திரும்பி வந்தார். ஆனால் கையில் இருந்தது வாரண்டி கார்டு.

"அண்ணா, ஆன்லைன்ல எண்ணூறு ரூபா கம்மியா கெடைச்சுதுங்க. இப்ப கல்லு ஒரு பக்கமா தேயுது. சர்வீஸ்ல கடை சீல் இருந்தாத்தான் பாப்போம்ங்கறாங்க. நீங்க ஒரு சீல் வெச்சுக் குடுக்கறீங்களா?"

"நான் பில் போடாத பொருளுக்கு நான் எப்படிங்க டீச்சர் சீல் வெக்கறது?" என்றேன். கோபத்தை அடக்கித்தான் பேசினேன், இருந்தும் அவருக்குத் தெரிந்துவிட்டது. கல்லைப் பிடிக்கும் கூட்டின் திருகைச் சரிசெய்து அனுப்பினேன். காசு கொடுத்தார், வாங்கிக்கொண்டேன்.

கடை வாடகை என்னுடையது. ஓட்டிக் காட்டும் ஆளின் சம்பளம் என்னுடையது. பிரித்த பெட்டி டிஸ்ப்ளே பீஸாகி விலை குறைவதும் என் தலையில்தான். இத்தனையும் செய்து காட்ட, விற்பனை எங்கோ ஒரு குடோனில் உட்கார்ந்திருப்பவருக்குப் போகிறது. இந்த மனக்குறை பொய்யில்லை. பொருளைக் காட்டிப் புரியவைக்கும் கடை மூடிவிட்டால், காட்ட ஆளே இருக்காது. கம்பெனிகள் மறுவிற்பனையைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பவர்கள் உலகம் முழுக்கச் சொல்லும் வலுவான வாதமும் இதுதான். இன்றும் அதை மதிக்கிறேன்.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு கம்பெனி எங்கள் பேச்சைக் கேட்டது. டீலர்கள் எவரும் இணையத்தில் விற்கக் கூடாது என்று கையெழுத்து வாங்கினார்கள். அனுமதி இல்லாமல் இணையத்தில் விற்கப்படும் பொருளுக்கு வாரண்டி கிடையாது என்று ஒரு அறிவிப்பு வந்தது. அதைக் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டினோம். இப்படி அறிவிப்பது புதிதும் இல்லை. சமையலறைச் சிம்னி தயாரிக்கும் காஃப் நிறுவனம் ஸ்னாப்டீலில் வாங்கும் தன் பொருட்களுக்கு வாரண்டி தர மாட்டோம் என்று எச்சரிக்கை வெளியிட, விஷயம் இந்தியப் போட்டி ஆணையத்துக்குப் போய் 2014-ல் விசாரணைக்கு உத்தரவானது. 2019-ல் அந்த வழக்கை ஆணையம் முடித்துவைத்தது. தன் பொருளை எந்த வழியில் விற்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கத் தயாரிப்பாளருக்கு இடம் உண்டு என்றது. அப்போது இதைக் கேள்விப்பட்டிருந்தால் எங்கள் சங்கத்தில் பட்டாசே வெடித்திருப்போம்.

அறிவிப்பு வந்த பிறகும் இணையத்தில் விலை ஏறவில்லை. எம்ஓபியைவிடக் குறைவாகவே ஓடிக்கொண்டிருந்தது. ஆளைக் கண்டுபிடித்தே தீருவது என்று மகன் கணக்கில் ஒரு கிரைண்டர் ஆர்டர் போட்டோம். வந்த பெட்டியில் சீரியல் நம்பர் ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. சேல்ஸ் ஆபீசரைக் கூப்பிட்டு நம்பரைக் கொடுத்தேன். என்னைவிடச் சின்னவர், நல்ல பையன். போனில் தேடிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணா, வெளிய சொல்லிப்போடாதீங்க. இது நம்ம சரக்குதாங்க. மார்ச் முடிவுல சேலம் பக்கம் ஒரு பெரிய டீலருக்குப் போட்ட பில்லு."

"அவரு எதுக்குங்க தம்பி இவ்வளவு எறக்கி விக்கோணும்?"

"டார்கெட்டுக்கு நாங்கதான் எறக்கினோம். ஐநூறு பீஸ் எடுத்தா ஸ்லாப் மாறும், கிரெடிட் நோட் வரும். அவரால அவ்வளவு விக்க முடியுங்களா? ஹோல்சேல்ல தள்ளிட்டாரு. அங்கிருந்து ஆன்லைனுக்குப் போயிருக்கும்."

அன்றைக்குத்தான் எனக்கு இந்த வியாபாரத்தின் உள்ளமைப்பு முழுதாகப் புரிந்தது. மாதக் கடைசியில், அதிலும் மார்ச்சில், கம்பெனிக்குக் கணக்குக் காட்ட வேண்டும். பொருள் ஒரு வீட்டு அடுப்படிக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது அந்தக் கணக்கில் வராது. டீலர் குடோனுக்குள் இறங்கியதே விற்பனையாக எழுதப்படுகிறது. அதிகம் எடுப்பவருக்கு விலை குறைகிறது. எடுத்தவரால் தன் ஊரில் அவ்வளவும் விற்க முடியாது. கிரெடிட் நோட்டில் கிடைத்த தள்ளுபடியில் பாதியை விட்டுக்கொடுத்துச் சரக்கைப் பணமாக்குகிறார். அது நான்கு கை மாறி, என் கடையில் டீச்சருக்கு நான் சொன்ன விலையைவிட எண்ணூறு ரூபாய் குறைவாக அவர் போனில் தெரிகிறது. யாரோ அனுமதியில்லாத ஆள் என்று நாங்கள் திட்டிய சரக்கு, கம்பெனியே மாதக் கடைசியில் திறந்துவிட்ட மதகில் வந்தது. மேலே திறந்துவிடுகிறவர்கள் கீழே இருக்கும் சின்ன விற்பனையாளரின் பெயரில் புகார் எழுதுகிறார்கள்.

இதற்கு மேலும் எனக்குச் சந்தேகம் மிச்சமிருந்தால், 2020 அதைத் தீர்த்துவைத்தது.

எங்கள் பக்கம் சித்திரை, வைகாசி முகூர்த்தங்களில்தான் கிரைண்டர் ஓடும். சீர்வரிசையில் கட்டாயம் உண்டு. அதை நம்பி மார்ச்சுக்குள் பரண் நிறைய ஏற்றி வைத்திருந்தேன். மார்ச் 25-ம் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு. கல்யாணங்கள் வீட்டு வாசலோடு முடிந்தன. டார்கெட் எட்டவில்லை என்று அடுத்த வருஷம் டீலர்ஷிப்பை எடுத்துக்கொண்டார்கள். மாடல் மாறிவிட்டது, பழைய சரக்கைத் திரும்ப எடுக்க முடியாது என்றும் சொல்லிவிட்டார்கள். முழுப் பணமும் கட்டி, ஜிஎஸ்டியும் கட்டி வாங்கிய பொருள் அது. ஒப்பந்தம் முடிந்துவிட்டதால் கட்டுப்பாடும் முடிந்தது என்று, ஒரு பெரிய இணையச் சந்தையில் என் கடைப் பெயரிலேயே பட்டியலிட்டேன்.

வரிசையாக ஆர்டர் வந்தது. பிறகு ஒரு காலையில் என் பக்கம் காணவில்லை. பிராண்ட் உரிமையாளர் புகார் கொடுத்திருக்கிறார், நீங்கள் விற்பது போலிப் பொருள் என்று மின்னஞ்சல். அதை என் மகள் படித்துக் காட்டும்போது எனக்கு உடம்பு கூசியது. அப்பா காலத்திலிருந்து ஊரில் எடை குறைவு, மட்டமான சரக்கு என்று ஒரு சொல் வாங்காத கடை. கம்பெனி எனக்குப் போட்ட பில்களையே ஸ்கேன் செய்து அனுப்பினேன். பில் சரி, ஆனால் பிராண்டின் அனுமதிக் கடிதம் வேண்டும் என்று பதில் வந்தது. புகார் கொடுத்தவரிடமே போய்க் கடிதம் வாங்கி வா என்கிறார்கள்! மறுபடி எழுதினேன், அதே பதில். மனிதர் யாரோடும் பேச முடியவில்லை.

பொள்ளாச்சிச் சந்தையில் மாட்டை விற்றவர், பணத்தை எண்ணி மடியில் கட்டிய பிறகு, அதை நாளைக்கு நீ யாருக்கு விற்கப் போகிறாய், என்ன விலைக்கு என்று கேட்பதில்லை. மாட்டுக்கு இருக்கும் அந்த மரியாதை நான் வாங்கிய கிரைண்டருக்கு இல்லை.

பழக்கமான வக்கீல் ஒருவர் பொறுமையாக உட்காரவைத்துச் சொன்னார். வர்த்தகக் குறியீட்டுச் சட்டம் 1999-ல் முப்பதாவது பிரிவு. குறியீட்டின் உரிமையாளரோ, அவர் சம்மதத்தோடு வேறொருவரோ ஒரு பொருளைச் சந்தையில் இறக்கிவிட்டால், அதை முறையாக வாங்கியவர் மேலே விற்பதைக் குறியீட்டை வைத்துத் தடுக்க முடியாது. பொருளின் நிலை மாற்றப்பட்டாலோ கெடுக்கப்பட்டாலோ உரிமையாளர் எதிர்க்கலாம். சாம்சங் பிரின்டர்களை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்து குறைந்த விலைக்கு விற்ற வழக்கில், 2012 அக்டோபரில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அந்த விற்பனையை அனுமதித்தது. ஆனால் இது இறக்குமதிச் சரக்கு, இதற்குச் சாம்சங் வாரண்டி இல்லை என்று வாங்குபவருக்குத் தெரியும்படி எழுதி வைக்கச் சொன்னது. எனக்கு அந்தத் தீர்ப்பில் மிகவும் பிடித்த இடம் அதுதான். விற்கலாம், மறைக்காமல் விற்க வேண்டும்.

நேரடி விற்பனை நிறுவனமான ஆம்வேயின் வழக்கு இதைவிட எங்கள் நிலைக்கு நெருக்கம். நேரடி விற்பனை நிறுவனங்களின் பொருட்களை அவற்றின் சம்மதமில்லாமல் இணையத் தளங்களில் விற்கக் கூடாது என்று 2019 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தடை விதித்தார். 2020 ஜனவரி 31-ம் தேதி இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தடையை நீக்கியது. நேரடி விற்பனைக்கான 2016-ம் வருஷ அரசு வழிகாட்டுதல்களுக்குச் சட்டத்தின் பலம் கிடையாது என்றது.

அமெரிக்காவில் இந்தச் சண்டை நூறு வருஷத்துக்கு மேல் பழையது. ஒரு பதிப்பகம் தன் நாவலின் உள்ளே ஒரு டாலருக்குக் குறைத்து விற்கக் கூடாது என்று அச்சடித்தது. மேசிஸ் கடை 89 சென்ட்டுக்கு விற்றது. 1908-ல் உச்ச நீதிமன்றம் கடையின் பக்கம் நின்றது. ஐரோப்பாவில் மட்டும் கொஞ்சம் வேறு காற்று: வாசனைத் திரவிய நிறுவனமான கோட்டியின் வழக்கில், ஆடம்பரப் பொருளின் மதிப்பைக் காப்பாற்ற, தன் டீலர்கள் பிறர் நடத்தும் இணையச் சந்தைகளில் விற்பதைத் தடுக்கலாம் என்று 2017 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. அதுகூடக் கம்பெனியோடு கையெழுத்துப் போட்ட டீலர்களைப் பற்றியது. ஒப்பந்தம் முடிந்துபோன என்னைப் போன்றவனை அது தொடவில்லை.

விலையைப் பிடித்து நிறுத்துவதையும் நம் சட்டம் சும்மா விடவில்லை. டீலர்கள் கூடுதல் தள்ளுபடி கொடுக்கிறார்களா என்று வாடிக்கையாளர் வேஷத்தில் ஆள் அனுப்பிப் பார்த்ததாகக் கண்டு, 2021 ஆகஸ்டில் மாருதி சுசுகிக்குப் போட்டி ஆணையம் 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனது வேறு விஷயம். அந்தச் செய்தியைப் படித்தபோது, எங்கள் தெருவுக்கு வந்து விலை கேட்டுவிட்டு வாங்காமல் போன சில முகங்கள் எனக்கு ஞாபகம் வந்தன.

சட்டம் என் பக்கம் இருந்தும் என் பக்கம் திரும்பி வரவில்லை. ஒரு பரண் கிரைண்டருக்காக டெல்லிக்கு யார் போவது? வீட்டில் மாவு அரைத்து விற்கும் பெண்களுக்கும் சின்ன மெஸ்களுக்கும் தவணை போட்டு, வாங்கிய விலைக்கும் கீழே கொடுத்துத் தீர்த்தேன். தீர்ப்புகள் பெரிய நிறுவனங்களுக்குக் கிடைத்தன. ஒரு புகாரில் பக்கம் மறைந்துபோகும் சின்ன வியாபாரிக்கு முறையிட ஒரு வாசல் கூட இல்லை.

அதற்காக, எவரும் எதையும் விற்கட்டும் என்று நான் சொல்லவில்லை. குக்கர் விற்பவனால் அப்படிச் சொல்ல முடியாது. இணையத்தில் வாங்கிய குக்கருக்கு வால்வு தேடி என் கடைக்கு வருகிறார்கள். திருப்பிப் பார்த்தால் ஐஎஸ்ஐ முத்திரை இருக்காது, உள்ளங்கையில் வைத்தால் மூடி தகரம் மாதிரி இருக்கும். அடுப்பில் ஆவி அடைத்து நிற்கும் பாத்திரம் அது, பக்கத்தில் குழந்தை நிற்கும். ஐஎஸ்ஐ கட்டாயம் என்ற உத்தரவை மீறிய குக்கர்களைத் தங்கள் தளத்தில் விற்க அனுமதித்ததற்காக 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசானுக்கும் ஃப்ளிப்கார்ட்டுக்கும் தலா ஒரு லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. அமேசானில் விற்றவை 2,265, ஃப்ளிப்கார்ட்டில் 598. வாங்கியவர்களுக்குத் தகவல் சொல்லி, குக்கரைத் திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுக்கச் சொன்னது. என் கடைக் கிரைண்டரைப் போலி என்று தூக்கிய அதே வகைச் சந்தைகளில் இந்தக் குக்கர்கள் விற்றுக்கொண்டிருந்தன. காவல் தப்பான வாசலில் நிற்கிறது.

போலியைப் பிடிக்கும் உரிமை கம்பெனிக்கு முழுமையாக வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை. பழையதைப் புதிது என்று விற்பவரை, சீரியல் நம்பரைச் சுரண்டி விற்பவரை, பெட்டிக்குள் வேறு ஜார் வைத்து அனுப்புபவரை விரட்டட்டும். ஆனால் தன் ஆலையில் செய்து, தானே பில் போட்டு, பணமும் வாங்கிய பொருளை யார் என்ன விலைக்கு விற்கிறார் என்று துரத்தும் உரிமை அதற்கு வேண்டாம். விலை சரியக் கூடாது என்றால் மாதக் கடைசி டம்பிங்கை நிறுத்தலாம். ஓட்டிக் காட்டும் கடை பிழைக்க வேண்டும் என்றால், ஓட்டிக் காட்டியதற்கு அந்தக் கடைக்குக் காசு கொடுக்கலாம். வாங்கியவர் எங்கே வாங்கினாலும் சரி. என்னைப் போன்ற கடைக்காரர்கள் கேட்க வேண்டியது இதைத்தான். வாரண்டி கார்டில் கடை சீல் கேட்பதை நிறுத்திவிட்டு சீரியல் நம்பரைப் பார்த்தால் போதும். எந்த நம்பர் எந்த மாதம் யாருக்குப் போனது என்று அந்தப் பையன் ஒரு நிமிஷத்தில் போனில் சொன்னாரே. டீச்சரின் கிரைண்டரிலும் அப்படி ஒரு நம்பர் இருந்தது. அவர் ஏமாற்றவில்லை, ஒரிஜினல் பொருளைக் காசு கொடுத்து வாங்கினார். அவருக்கு மறுக்கப்பட்ட வாரண்டிக்கான செலவு அந்தப் பொருளின் விலையிலேயே சேர்ந்திருந்தது.

கல்லாவுக்குப் பின்னால் ஒட்டியிருந்த அறிவிப்பைக் கிழித்துவிட்டேன். ஆன்லைனில் வாங்கிய கிரைண்டரைக் கொண்டு வந்தாலும் இப்போது பார்த்துக் கொடுக்கிறோம். என் பெயரில் சீல் மட்டும் வைப்பதில்லை.

இணையத்தில் வாங்குபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2020-ம் வருஷ இ-காமர்ஸ் விதிகளின்படி விற்பவரின் பெயரும் முகவரியும் அந்தப் பக்கத்தில் இருந்தாக வேண்டும். பணம் கட்டும் முன் அதைப் பாருங்கள். குக்கர் என்றால் ஐஎஸ்ஐ முத்திரையைப் பாருங்கள். பெட்டி வந்ததும் சீரியல் நம்பரையும் பில்லையும் சேர்த்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கே வாங்கினாய் என்று கேட்டு வாரண்டியை மறுத்தால் அந்த மறுப்பை எழுத்தில் கேளுங்கள், எழுதித் தந்தாலும் தராவிட்டாலும் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள்.